ஆறடி வேலும் இரண்டு கடைவாய்ப் பற்களும்

எங்கள் அப்பாவுக்கு ஊசி என்றால் பயம். கிள்ளானில் நாங்கள் இருந்த தாமான் குடியிருப்பில் போய் இன்றைக்கு இதைச் சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். தைப்பூசம் தவறாமல் இரண்டு கன்னங்களையும் துளைத்து வேல் குத்திக்கொண்டு பத்துமலைப் படியேறியவர் அவர். எங்கள் வீட்டு ஹாலில் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே அவருடைய படமும் மாட்டியிருக்கும். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய விபூதி, வாய்க்குக் குறுக்கே வேல், பாதி மூடிய கண்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். பார்க்காதவர்களை நான் பார்க்க வைப்பேன்.

நான் படித்த தமிழ்ப்பள்ளியில் அப்பாக்களுக்குள் யார் பெரியவர் என்பதை வேலின் நீளம்தான் தீர்மானித்தது. பால்குடம் மட்டும் எடுக்கும் அப்பாக்களின் பிள்ளைகள் தைப்பூசப் பேச்சு வந்தால் பென்சில் சீவப் போய்விடுவார்கள். எங்கள் அப்பாவின் வேல் ஆறடி என்று நான் சொல்லிவந்தேன். அளந்து பார்த்ததில்லை. அப்பாவைவிட நீளமாகத் தெரிந்தது, அதனால் ஆறடி. எனக்கு அடுத்த மேசையில் இருந்தவளின் அப்பா குத்துவது நாலடி வேல். அவளுக்கு நான் நாலடி என்றே பெயர் வைத்திருந்தேன். முதலில் மனத்துக்குள் அழைத்தேன், பிறகு வாய்விட்டே அழைத்தேன். அவள் கோபித்துக்கொண்டதாக நினைவில்லை.

நான் நான்காம் வகுப்பு முடித்த வருடக் கடைசி விடுமுறையில் அப்பாவின் வலது கன்னம் வீங்கியது. அப்பா துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். வலியை யாரிடமும் சொல்லாமல் ஒரு பக்கமாகவே மென்று சமாளித்துவந்தவர், ஒருநாள் காலையில் வாயைத் திறக்க முடியாமல் எழுந்தார். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. கிராம்பு வைத்தார்கள், உப்புத் தண்ணீரால் கொப்பளிக்க வைத்தார்கள், சீனன் மருந்துக்கடையிலிருந்து ஒரு பொடி வந்தது. நான்காம் நாள் அம்மா அவரை அரசாங்கப் பல் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், கீழ்த்தாடையின் கடைசியில் ஞானப்பல் நிமிர்ந்து முளைக்காமல் படுத்துக்கிடந்தது தெரிந்தது. படுத்துக்கிடந்ததோடு நிற்காமல், முன்னால் இருந்த கடைவாய்ப் பல்லை முட்டிமுட்டி அதையும் சொத்தையாக்கியிருந்தது. இரண்டையும் எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொன்னார். முதலில் மாத்திரை சாப்பிட்டு வீக்கம் வற்ற வேண்டும், அதற்குப் பிறகு ஒரு தேதி. பல்லுக்கு அடியில் நரம்பு ஓடுவதால் சிலருக்குக் கீழுதடு கொஞ்ச நாள் மரத்துப்போகலாம் என்றும் சொல்லி, கையெழுத்துப் போட ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அப்பா அதை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அந்தக் காகிதம் ஒரு வாரம் எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அடுத்த தெருவில் இருந்த பெரியப்பாவும் பெரியம்மாவும் தினமும் சாயங்காலம் வந்து அதைப் பற்றிப் பேசினார்கள்.

“தம்பி, கடைவாய்ப் பல்லைப் புடுங்கினா கண்ணு மங்கிடும்னு சொல்வாங்க. வண்டி ஓட்டுற மனுஷன், பாத்துச் செய்ங்க” என்றார் பெரியம்மா.

“அதெல்லாம் அந்தக் காலம் லா. உதடு மரத்துப்போனாதான் என்ன? அலகு குத்துறப்ப வலிக்காதில்ல?” என்று பெரியப்பா சிரித்தார்.

அப்பாவுக்குச் சட்டென்று கோபம் வந்தது. “வலி தெரியலன்னா அது என்ன வேண்டுதல் அண்ணே?” என்றார். வீங்கிய வாயால் அவர் அதைக் கஷ்டப்பட்டுத்தான் சொன்னார். பெரியப்பா சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

வேண்டுதல் ஏழு வருடத்துக்கு. வருகிற தைப்பூசம்தான் ஏழாவது. வேல் ஒரு கன்னத்தில் நுழைந்து மேல்வரிசைப் பல்லுக்கும் கீழ்வரிசைப் பல்லுக்கும் நடுவே போய் மறு கன்னத்தில் வெளிவர வேண்டும். வாய் திறக்காதவருக்கு எப்படிக் குத்துவது? வழக்கமாக அப்பாவுக்கு அலகு குத்தும் மாஸ்டர் வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீக்கத்தோடு வந்தால் வேலைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்காக அந்த வேண்டுதல் என்று நான் கேட்டதில்லை. அப்பாக்கள் வேல் குத்துவார்கள், அதற்குக் காரணம் வேறு வேண்டுமா என்ன என்றிருந்தேன்.

அப்பா பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் பல் டாக்டரிடமும் போய்க் கேட்டுவந்தார். ஞானப்பல்லை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் கடைவாய்ப் பல்லை வேர் சிகிச்சை செய்து காப்பாற்றலாம், நாலைந்து தடவை வர வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னாராம். நல்ல பல், மெல்லுகிற பல், காப்பாற்றலாமே என்றார் அம்மா. அப்பா இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் ஒரே தடவையில் இரண்டையும் எடுத்துவிடுவதாக முடிவு சொன்னார். அடிக்கடி லீவு கிடைக்காது என்பது அவர் சொன்ன காரணம். ஒவ்வொரு தடவைக்கும் ஓர் ஊசி என்று அவர் எண்ணிப் பார்த்திருப்பார் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. ஓர் ஊசிப் பயத்துக்காக ஒரு நல்ல பல்லை விட்டுக்கொடுத்த மனிதர் அவர்.

அப்படி முடிவெடுத்த பிறகும் அவர் பல்லை எடுத்துக்கொள்ளவில்லை. கிளினிக்கில் முதலில் கொடுத்த தேதிக்குப் போனவர், டாக்டர் லீவு என்று திரும்பி வந்தார். இரண்டாவதாகக் கொடுத்த தேதிக்குப் போனவர், ஒரே கூட்டம், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பி வந்தார். அம்மா கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டபோது, இரண்டு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், ஆள் இல்லை என்றார்கள். தைப்பூச விரதம் தொடங்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. அம்மாவுக்கு ஷா ஆலம் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. வருடக் கடைசியில் லீவு கொடுக்கமாட்டார்கள். அதனால் மூன்றாவது தேதிக்கு என்னை அப்பாவோடு அனுப்பினார்.

“அப்பா கூடவே இரு பாப்பா. எங்கயும் போயிடாத” என்று அம்மா இரண்டு தடவை சொன்னார்.

அப்பா ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளும் போலீஸ் வேலை அது என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த வேலையை நன்றாகவே செய்தேன். கிளினிக்கில் வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தபோது அப்பா மூன்று தடவை தண்ணீர் குடிக்க எழுந்தார். மூன்று தடவையும் தண்ணீர் இருந்த இடத்தைத் தாண்டி வாசல் வரைக்கும் போனார். மூன்று தடவையும் நான் பின்னாலேயே போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

நாலாவது தடவைக்கு முன்னால் நாலடி வந்துவிட்டாள். அவளுக்குப் பல் அடைக்க வேண்டியிருந்ததாம். அவள் அம்மா நம்பர் எடுக்கப் போனதும் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்கு என்ன என்று கேட்டாள்.

“ரெண்டு பல்லு புடுங்கணும். எங்கப்பாவுக்கு இதெல்லாம் சும்மா. ஆறடி வேலே குத்துறவரு” என்றேன். அப்பாவின் காதில் விழும்படியாகத்தான் சொன்னேன். அவர் அதற்கும் சிரித்தார்.

அறைக்குள் கூப்பிட்டார்கள். அப்பா எழுந்தவர், வாசலில் நின்ற மலாய் நர்ஸ் மிஸியிடம், மகளும் உள்ளே வரலாமா என்று மலாயில் கேட்டார். துணைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகும் பிள்ளைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எனக்குக் காது சூடாகிவிட்டது. மிஸி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே இரண்டு நாற்காலிகள், நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்பு. அப்பா ஒன்றில் படுத்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலிக்கு நாலடியைக் கூட்டிவந்தார்கள். அவள் தானாகவே ஏறி உட்கார்ந்து, சொல்லாமலே வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக் டக் டக் என்று ஏதோ இரும்பில் இடித்தது. அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் வலது குதிகால் நாற்காலியின் கால்வைக்கும் இடத்தில் தானாக அடித்துக்கொண்டிருந்தது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், அது கழுத்துப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். “நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே அங்கிள்” என்று சிரித்தார். மிஸிகளும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே மறைந்துபோக வேண்டும் போலிருந்தது.

டாக்டர் ஊசியை எடுத்தார். அப்பா என் பக்கம் தலையைத் திருப்பி, “பாப்பா” என்றார், மெதுவாக. அவருடைய இடது கை நாற்காலியிலிருந்து வெளியே நீண்டது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. விரல்கள் ஒரு தடவை மூடித் திறந்தன.

ஓரடி எடுத்து வைத்திருந்தால் பிடித்திருக்கலாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாலடியின் கண்கள் இருந்தன.

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு பெரிய பல்லின் படம். அதற்குக் கண்ணும் வாயும் வரைந்து கையில் பிரஷ் கொடுத்திருந்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்ட மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் கை அங்கேயே இருந்தது எனக்குத் தெரியும். ஓரக்கண்ணில் தெரிந்தது. எவ்வளவு நேரம் இருந்தது என்று இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு அது மெதுவாகத் திரும்பிப் போய், அவருடைய வயிற்றின் மேல் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டது. நான் அவர் முகத்தையும் பார்த்தேன். ஒரு கணம்தான். பார்த்துவிட்டு மறுபடியும் சுவருக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு பற்களும் வந்தன. ஞானப்பல்லை இரண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க முடிந்தது. அப்பா ஒரு சத்தமும் போடவில்லை. குதிகால் மட்டும் கடைசிவரை அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே வந்ததும், வாய் நிறையப் பஞ்சு கடித்திருந்த அப்பா என்னைச் செண்டோல் கடைக்குக் கூட்டிப்போய், விரலைக் காட்டி எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். அந்தத் தேங்காய்ப்பால் ஐஸையும் நான் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் மறந்துகூட இருக்கலாம். அன்று சாயங்காலம் பெரியப்பாவும் பெரியம்மாவும் கஞ்சி எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். நாலடி எப்படியும் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள் என்ற பயம் எனக்கு. அவள் சொல்லி எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கப்படுகிற பக்கத்தில் மாட்டிக்கொள்வேனே! அதனால் நான் முந்திக்கொண்டேன். நாற்காலியில் சாய்ந்து படுத்து, வாயைப் பிளந்து, குதிகாலால் தரையில் டக் டக் டக் என்று அடித்துக் காட்டினேன். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் வாசலுக்குப் போனதை நடந்தே காட்டினேன். பெரியப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “ஆறடி வேல் குத்துற ஆளாடா நீ!” என்று அப்பாவின் தோளில் தட்டினார். இன்னொரு தடவை செய்து காட்டு என்றார் பெரியம்மா. செய்து காட்டினேன்.

அப்பா சோபாவில் உட்கார்ந்திருந்தார். வாயில் பஞ்சு, அதனால் ஒன்றும் சொல்ல முடியாது. மரத்துப்போகாத பாதி முகத்தால் அவரும் சிரித்தார். மரத்துப்போன பக்கத்தில் எச்சில் வழிந்தது அவருக்கே தெரியவில்லை. அம்மா துணியால் அதைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப நீ எங்க நின்ன?” என்று கேட்டார்.

“பக்கத்துலதான்” என்றேன். பொய் இல்லையே. பக்கத்தில்தான் நின்றேன்.

கையை நீட்டியதை மட்டும் நான் செய்து காட்டவில்லை. எதை விட்டுவிட வேண்டும் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

தைப்பூசம் வந்தது. ஒவ்வொரு வருடமும் அலகு குத்தும் நேரத்தில் பெரியம்மா என்னை ஆற்றங்கரையில் தள்ளியே உட்கார வைத்து, கையில் பால்குடத்தைக் கொடுத்துவிடுவார். பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்பார். வேலோடு எழுந்து நின்ற அப்பாவைத்தான் நான் எப்போதும் பார்த்திருந்தேன், படத்தில் இருந்த மாதிரியே. அந்த வருடம் பெரியம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது நான் கூட்டத்துக்குள் நுழைந்து முன்னால் போய்விட்டேன்.

மாஸ்டர் அப்பாவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, புண் நன்றாக ஆறிவிட்டது என்றார். அப்பா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் உறுமி மேளம் காதைக் கிழித்தது, வேல் வேல் என்று எல்லோரும் கத்தினார்கள். கீழே, மண்ணில், அப்பாவின் வலது குதிகால் அடித்துக்கொண்டிருந்தது. அதே கால், அதே அடி. மேளச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அப்பாவின் இடது கையை அம்மா தன் இரண்டு கைகளுக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்திருந்தார். அவர் அதை முதல் தடவையாகப் பிடித்ததுபோலத் தெரியவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடம் என்னை எல்லோரும் சேர்ந்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றியது. இந்த நடுங்குகிற மனிதரை நம்பியா நான் பள்ளியில் அத்தனை பேசினேன்? பால்குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது முன்னால் ஆடிக்கொண்டு போன அப்பாவை நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த ஏழாவது வருடம் அவர் வேலோடு போனதை நான் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பள்ளியில் நாலடி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் காத்திருந்தேன், ஒரு வாரம், இரண்டு வாரம். கடைசியில் அவளாக வந்து, “உங்கப்பாவுக்கு இப்ப வலி போயிருச்சா?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கதையை ஊருக்குச் சொன்ன ஒரே ஆள் நான்தான்.

இப்போது எனக்கு முப்பது வயது. போன மாதம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டாக்டர் என் எக்ஸ்ரேயைக் காட்டினார். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஞானப்பல் படுத்துக்கிடக்கிறது, அப்பாவுக்குக் கிடந்ததுபோலவே. எடுப்பதா விடுவதா என்று ஒரு வாரம் யோசித்தேன். கிள்ளானுக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் சொன்னேன். அப்பா வெளியே போயிருந்தார். இந்தக் குடும்பத்துப் பல்லே இப்படித்தான் என்று பேசிக்கொண்டிருந்தபோது, அப்பா கிளினிக்கிலிருந்து இரண்டு தடவை ஓடி வந்த கதையும் வந்தது. இவ்வளவு பயந்தவர் எதற்காக வேல் குத்திக்கொண்டார் என்று கேட்டேன். முதல் தடவையாகக் கேட்டேன்.

“உனக்குத் தெரியாதா? உனக்கு நாலு வயசுல டிங்கி காய்ச்சல் வந்துச்சே” என்றார் அம்மா, கீரையை ஆய்ந்துகொண்டே. “ஆஸ்பத்திரியில டிரிப் போட நரம்பே கெடைக்கல. மூணு எடத்துல குத்தினாங்க. நீ அப்பா அப்பான்னு கையை நீட்டிக்கிட்டே இருந்த. அந்த மனுஷனால பாக்க முடியல. வெளிய ஓடிட்டாரு. நான் போய்த் தேடினா படிக்கட்டுல ஒக்காந்து அழுதுகிட்டிருக்காரு. புள்ள கூப்பிட்டுச்சு, கையைப் புடிக்காம ஓடி வந்துட்டேன்னு. எதுக்குப் பயந்து ஓடுனேனோ அதையே ஏழு வருஷம் குத்திக்கிறேன், புள்ளைய குடுத்துருன்னு அங்கயே வேண்டிக்கிட்டாரு.”

எனக்கு அந்த ஆஸ்பத்திரி நினைவில்லை. நான் கையை நீட்டியதும் நினைவில்லை. அம்மா அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார். நான் எழுந்து ஹாலுக்குப் போய் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். படம் கொஞ்சம் மங்கியிருந்தது. வேல் நாலடிக்கு மேல் இருக்காது.

வருகிற செவ்வாய்க்கிழமை எனக்குப் பல் எடுக்கிறார்கள். யாராவது கூட வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து அப்பா, “நான் வரேன், நான் வரேன்” என்கிறார். அறைக்குள்ளேயே வந்து நிற்பாராம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு அந்த நாற்காலியில் கையை மடக்கிக்கொண்டபோது நான் ஒரு கணம் பார்த்த அவர் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் கோபம் இல்லை. வருத்தம்கூட இல்லை. தனக்குக் கிடைக்க வேண்டியதுதான் கிடைத்தது என்பதுபோல அவர் ஒரு தடவை தலையசைத்தார், பிறகு கண்களை மூடிக்கொண்டார். டாக்டரின் ஊசிக்குத்தான் தலையசைக்கிறார் என்று அப்போது நான் நினைத்தேன்.